நெஞ்சழுத்தக்காரிகள்

டென்னிஸில் பெரிய ஆட்டக்காரராக வர என்ன குணம் வேண்டும் என்று கேட்டால், பயிற்சியாளர்கள் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். பொறுமை, நிதானம், பிடிவாதம், போன புள்ளியை மறந்துவிட்டு அடுத்ததை ஆடும் மனம், தனியாக நிற்கும் துணிவு. பட்டியல் சரியானதுதான். ஆனால் இதே குணங்கள் ஒரு பெண்ணிடம் இருந்தபோது அவற்றுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? அந்தக் குணங்கள் வெளிப்படக் களமும் நேரமும் கொடுத்தது யார்? இந்த இரண்டு கேள்விகளோடுதான் இந்தியப் பெண்களின் டென்னிஸ் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். டென்னிஸில் கடிகாரம் கிடையாது. முன்னிலையில் இருப்பவர் நேரத்தைக் கடத்தி வெல்ல முடியாது. கடைசிப் புள்ளியையும் ஆடித்தான் எடுக்க வேண்டும். தோற்றுக்கொண்டிருப்பவருக்கும் அந்தக் கடைசிப் புள்ளி வரை வாய்ப்பு உண்டு. ஒற்றையர் ஆட்டத்தில் பக்கத்தில் தோழி இல்லை. ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் யோசனை சொல்வதுகூட நீண்ட காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. ரோஜர் ஃபெடரர் 2024-இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்குச் சொன்னார். அவர் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வென்றார். ஆனால் ஆடிய புள்ளிகளில் அவர் வென்றது 54 சதவீதம் மட்டுமே. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரரும் கிட்டத்தட்டப் பாதிப் புள்ளிகளை இழந்திருக்கிறார். இழந்ததை மனதில் ஏற்றிக்கொள்ளாமல் அடுத்த பந்துக்கு நிற்பதுதான் இந்த ஆட்டத்தின் தலையாய குணம்.

நான் வளர்ந்த கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இந்தக் குணத்துக்கு ஒரு சொல் இருக்கிறது. நெஞ்சழுத்தம். பள்ளிப் போட்டியில் தோற்றுவிட்டு அழாமல் வரும் பையனை "ரோஷக்காரன், அடுத்த தடவ பாரு" என்பார்கள். அதேபோல் வரும் பெண்ணைப் பார்த்து, "ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாரு, நெஞ்சழுத்தக்காரி" என்பார்கள். விளையாட்டு உளவியல் இன்று மன உறுதி என்று பாராட்டும் அதே பண்பு, பெண்ணிடம் வந்தால் வசையாகிவிடுகிறது. பிடிவாதம் 'அடம்' ஆகிறது. தன் மீதுள்ள நம்பிக்கை 'திமிர்' ஆகிறது. தனியாக நிற்பது 'யாரோடும் ஒட்டாதவள்' ஆகிறது.

இந்த வசைகளைத் தாண்டி ஆடவந்த இந்தியப் பெண்கள் யார்? ஜென்னி சாண்டிசன் 1929-இல் விம்பிள்டனில் ஆடினார். 1934-இல் அங்கே ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார் லீலா ராவ். அவருடைய அம்மா சமஸ்கிருத எழுத்தாளர் க்ஷமா ராவ். அவரும் டென்னிஸ் ஆடியவர். 1971-இல் ஆனந்த் அமிர்தராஜுடன் சேர்ந்து விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் ஆடினார் நிருபமா மன்கட். அவருடைய அப்பாவும் டென்னிஸ் ஆட்டக்காரர். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்றார் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன். 1968-இல் தொடங்கிய ஓப்பன் யுகத்தில், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அவருக்குப் பயிற்சி கொடுத்த அப்பா, தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கிரிக்கெட் ஆடியவர்.

இந்த மூவருக்கும் பொதுவான ஒன்று கண்ணில் படுகிறது. வீட்டுக்குள்ளேயே விளையாட்டு இருந்தது. பெண் மட்டையைத் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காத, உடன் வந்து நிற்கக்கூடிய ஒருவர் வீட்டில் இருந்தார். அவர்களுடைய உழைப்பை இது எந்த விதத்திலும் குறைக்காது. நிருபமா வைத்தியநாதன் தன் வரலாற்று நூலுக்கு 'தி மூன்பாலர்' என்று பெயர் வைத்தார். மூன்பால் என்பது வலைக்கு மேலே மிக உயரமாகத் தூக்கி, எதிராளியின் எல்லைக்கோட்டுப் பக்கம் விழச் செய்யும் பந்து. வேகத்தால் மிரட்டாமல், எதிராளி பொறுமை இழக்கும்வரை திருப்பித் திருப்பி அனுப்பும் ஆட்டம் அது. பொறுமை ஓர் ஆயுதமாகும் இடம். ஆனால் அந்தப் பொறுமை ஆயுதமாக, நாள் தவறாமல் எதிர்ப்பக்கம் நின்று பந்து போட ஒருவர் வேண்டும். அதற்கு ஒரு கோர்ட்டும் வேண்டும்.

எதிர்ப்பக்கம் நின்றவர்களில் பெண்களும் உண்டு. அவர்களுடைய குணத்தை யாரும் விளையாட்டுக் குணமாக எழுதுவதில்லை. சென்னையின் மேகி அமிர்தராஜ் சொந்தமாகப் பெட்டி தயாரிக்கும் தொழில் நடத்திக்கொண்டே ஆனந்த், விஜய், அசோக் ஆகிய மூன்று மகன்களையும் டென்னிஸ் ஆட்டக்காரர்களாக வளர்த்தார். விஜய் 1973-இல் விம்பிள்டன் காலிறுதிக்குப் போனபோது அவருடைய நிதானத்தை உலகம் பாராட்டியது. அந்த நிதானத்துக்குப் பின்னால் இருந்த அம்மாவின் கணக்கும் திட்டமிடலும் விடாப்பிடியும் 'தாயின் தியாகம்' என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போயின. தொழிலை நடத்துகிற, மூன்று பேருடைய ஆட்டத்தைத் திட்டமிடுகிற ஒருவரைத் தியாகி என்று மட்டும் சொன்னால், அவருடைய அறிவும் பிடிவாதமும் நம் கண்ணில் படாமல் போகும்.

களம் கிடைத்த பிறகும் பெண்ணின் குணம் விசாரணைக்கு உரியதாகவே இருந்தது. சானியா மிர்சா 2005 அமெரிக்க ஓப்பனில் நான்காம் சுற்று வரை போனார். அதே ஆண்டில் அவருடைய ஆட்ட உடையைக் கண்டித்து ஒரு மதகுரு பேசினார். 2012 ஒலிம்பிக்குக்கு முன், ஓர் ஆண் ஆட்டக்காரரைச் சமாதானப்படுத்தத் தன்னைத் தூண்டில் இரையாகப் பயன்படுத்தினார்கள் என்று அவர் பகிரங்கமாக எழுதினார். 2016-இல் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தில் இருந்தபோது, எப்போது வாழ்க்கையில் 'செட்டில்' ஆகப்போகிறீர்கள் என்று தொலைக்காட்சி நேர்காணலில் கேட்டார்கள். உலக முதலிடமே செட்டில் ஆனதாகத் தெரியவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார்; கேட்டவர் மன்னிப்புக் கோரினார். குழந்தை பிறந்த பின், 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் நாதியா கிச்செனோக்குடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். ஃபெடரருக்குத் தேவைப்பட்ட குணங்கள் எல்லாம் சானியாவுக்கும் தேவைப்பட்டன. அவற்றோடு, ஃபெடரரிடம் யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சக்தியும் தேவைப்பட்டது.

இந்த வரலாற்றை எங்கள் மாவட்டத்தின் வரலாற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்தார்கள். நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் ஆன பிறகும் ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்யும் கட்டாயம் அங்கே இருந்தது. நிருபமா மன்கட் விம்பிள்டனில் ஆடிய 1971-இல் கல்வராயன் மலைப் பெண்ணின் உழைப்பு நேரம்கூட அவளுக்குச் சொந்தமாக இல்லை. ஜாகிர் முடிவுக்கு வந்த அதே 1976-இல்தான் நிருபமா வைத்தியநாதன் பிறந்தார். 21 வயதிலேயே அவர் மெல்போர்னில் ஆடி வென்றுவிட்டார்.  அவரோடு ஒரே ஆண்டில் மலையில் பிறந்த பெண், கட்டாய வேலையிலிருந்து விடுபட்ட முதல் தலைமுறை. இருவருக்கும் இடையே குணத்தில் என்ன வேறுபாடு இருந்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஒருத்திக்குக் களம் இருந்தது; மற்றவளுக்கு நிலமே அப்போதுதான் கைக்கு வரத் தொடங்கியிருந்தது.

மலைப் பெண்கள் இயல்பிலேயே உறுதியானவர்கள் என்று சமவெளிக்காரர்கள் சொல்வதுண்டு. செங்குத்தான பாதையில் விறகும் தண்ணீரும் சுமக்கிறார்கள், சாமைக்கும் மரவள்ளிக்கும் பாடுபடுகிறார்கள், ஆகவே நல்ல ஓட்டக்காரிகள் வருவார்கள் என்பார்கள். இந்தப் பாராட்டில் எனக்குச் சம்மதமில்லை. சுமை தூக்குவது பயிற்சியாகாது. பயிற்சி என்றால் அதற்குப் பிறகு ஓய்வும் சாப்பாடும் இருக்க வேண்டும். தோற்றால் மறுநாள் மீண்டும் முயலும் உரிமை இருக்க வேண்டும். மழை பொய்த்தால் விளைச்சல் போகிற வாழ்க்கையில் அந்த உரிமை கிடையாது.

அடிமட்டத்திலிருந்து ஒரு பெண் வரவே முடியாதா என்று கேட்கலாம். வந்திருக்கிறார். ஆல்தியா கிப்சன் 1927-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். பெற்றோர் பருத்தி நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். குடும்பம் நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தெருவில், குட்டை மட்டையால் சின்னக் களத்தில் ஆடும் பேடில் டென்னிஸில்தான் அவர் தொடங்கினார். அவருடைய ஆட்டத்தைப் பார்த்த அக்கம்பக்கத்தார் காசு சேர்த்து அவரை ஒரு டென்னிஸ் மன்றத்தில் உறுப்பினராக்கினார்கள். வெள்ளையருக்கே உரியதாக இருந்த அமெரிக்கத் தேசியப் போட்டியின் கதவு அவருக்குத் திறக்காதபோது, முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் 1950-இல் ஒரு டென்னிஸ் இதழில் அந்த அநீதியைக் கண்டித்து எழுதினார். அந்த ஆண்டே கிப்சன் அங்கே ஆடினார். 1955-56-இல் நல்லெண்ணப் பயணமாக இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளுக்கு வந்து ஆடினார். 1957, 1958 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அவருடையது. அவரையும் பத்திரிகைகள் 'ஒட்டாதவர், திமிர் பிடித்தவர்' என்றுதான் எழுதின. நெஞ்சழுத்தக்காரி என்பதை அங்கே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கிப்சனின் கதையில் குணம் அவருடையது. தெருக் களமும், அக்கம்பக்கத்தார் போட்ட காசும், இன்னொரு பெண் எழுதிய எழுத்தும் மற்றவர்கள் கொடுத்தவை. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவருடைய பிடிவாதம் ஹார்லெம் தெருவிலேயே நின்றிருக்கும்.

எங்கள் ஊரிலும் ஹார்லெமின் அந்தத் தெரு ஆட்டத்துக்கு ஈடான ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த எங்களுக்கு டென்னிஸ் என்றால் ரிங் டென்னிஸ்தான். போட்டிப் பட்டியலில் டென்னிகாய்ட் அல்லது வளையப்பந்து என்று போடுவார்கள். ஒரு ரப்பர் வளையம், ஒரு வலை, 40 அடி நீளமும் 18 அடி அகலமும் உள்ள மண்தரை. டென்னிஸ் கோர்ட்டுக்கு 78 அடி நீளம் வேண்டும். மட்டைக்கும் நரம்புக்கும் பந்துக்கும் ஓயாமல் செலவு செய்ய வேண்டும். வளையத்துக்கு அது எதுவும் இல்லை. ஒரு கையால் பிடித்து, அதே கையால் தயங்காமல் உடனே திருப்பி எறிய வேண்டும். எதிராளியின் தோளைப் பார்த்தே வளையம் எங்கே வரும் என்று கணிக்க வேண்டும். வெளியூர்ப் போட்டியில் சத்தம் போடும் கூட்டத்துக்கு நடுவே மனதை அடக்கி நிற்க வேண்டும். டென்னிஸ் கேட்கும் குணங்கள் எல்லாவற்றையும் இதுவும் கேட்கும். இதன் முதல் உலகப் போட்டி 2006-இல் சென்னையில்தான் நடந்தது.

என்னோடு ரிங் ஆடிய பெண்களில் பத்தாம் வகுப்புக்குப் பிறகும் ஆடியவர்கள் மிகச் சிலர். வயதுக்கு வந்ததும் அரைக்கால் சட்டை போனது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. சாயங்காலப் பயிற்சி முடிந்து வீடு திரும்பும் வழி பேச்சுப் பொருளானது. யாரும் தோற்று வெளியேறவில்லை. ஆட்டத்துக்கு வராமலே நின்றுபோனார்கள். அவர்களைப் பற்றி ஊர் சொன்னது, "அவளுக்கு அதுல அக்கற இல்ல" என்பதுதான். களம் பறிபோனதை, குணம் இல்லை என்று மாற்றி எழுதும் வேலை இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கிறது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்து, சாலை, போக்குவரத்து போன்ற அடிப்படை வசதிகள் குறித்து அரசிடம் கேள்வி எழுப்பியது. விளையாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஒரு பழங்குடி மாணவிக்கு அந்த ஒதுக்கீடு எட்டுமா என்பதை, பயிற்சி முடிந்த பிறகு வெள்ளிமலைக்குப் பேருந்து இருக்கிறதா என்பதும் தீர்மானிக்கிறது.

ஆகவே ஆசிரியைகளாகப் போகும் மாணவிகளுக்கு என் வேண்டுகோள் சிறியது. அணிக்குப் பெயர் எடுக்கும்போது யாருக்குத் திறமை, யாருக்கு அக்கறை என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யார் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, யாருக்குக் கடைசிப் பேருந்து சீக்கிரம் போய்விடும், யார் காலை உணவு சாப்பிடாமல் வருகிறாள் என்றும் கேளுங்கள். பயிற்சி நேரத்தை அந்தப் பேருந்துக்கு ஏற்ப மாற்றுங்கள். தோற்றுவிட்டு அழாமல் நிற்கும் பெண்ணைக் கண்டால், நெஞ்சழுத்தக்காரி என்று யாராவது சொல்வதற்கு முன் அவளுடைய பெயரை அடுத்த போட்டிக்கு எழுதிவிடுங்கள்.