பனித்தண்ணீரில் வைத்த கால்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்களைக் குழப்பிய வியாதி ஒன்று உண்டு. குளிரில் வெளியே போய்விட்டு வந்தால் சிலருக்கு முதுகுவலி, நடுக்கம், காய்ச்சல். பிறகு சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போகும். இவர்களில் பலருக்கு சிஃபிலிஸ் இருந்தது. பனித்தண்ணீரில் காலை வைக்கச் சொல்வார்கள். சிறுநீர் சிவந்தால் இந்த வியாதிதான். ஆனால் குளிர் எப்படி ரத்தத்தை உடைக்கும்?

1904ல் வியன்னாவில் யூலியுஸ் டோனாத்தும் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் நோயாளியை விட்டுவிட்டு அவருடைய ரத்தத்தைக் குளிரவைத்துப் பார்த்தார்கள். சிவப்பணுக்களோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்து, முதலில் குளிரவைத்துப் பிறகு உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் அணுக்கள் உடைந்தன. வெறும் சூட்டில் வைத்தால் ஒன்றும் ஆகவில்லை. ஆரோக்கியமானவரின் அணுக்களைப் போட்டாலும் அதே கதிதான். ஆக, கோளாறு சீரத்தில். அதிலுள்ள எதிர்பொருள் குளிரில் அணுவின்மேல் ஒட்டிக்கொள்கிறது; சூடேறியதும் சீரத்தின் வேறு புரதங்கள் வந்து அணுவைத் துளைக்கின்றன.

இதிலென்ன பெரிய விஷயம்? மூன்று வருஷம் முன்புதான் பால் எர்லிக் ஆடுகளுக்கு ஆட்டு ரத்தத்தையே ஊசி போட்டிருந்தார். மற்ற ஆடுகளின் அணுக்களை உடைக்கும் எதிர்பொருள் வந்தது, தன் அணுக்களை உடைப்பது வரவில்லை. தன்னைத் தாக்க உடல் அஞ்சுகிறது என்று சொல்லி அதற்கு 'ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்' என்று பெயர் வைத்தார். அவர் சொன்னதைவிட, சொன்னதாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டதுதான் கெட்டியாக நின்றது: 'அப்படியெல்லாம் நடக்கவே நடக்காது.' வியன்னாவின் சாட்சி கண்ணெதிரே இருந்தும் வெறும் விதிவிலக்காக ஒதுங்கியது. தன்னெதிர்ப்பு நோய் என்ற எண்ணம் பரவலாக ஏற்கப்பட 1950கள் வரை ஆயிற்று.

அந்த எதிர்பொருள் எதைப் பிடிக்கிறது? 1927ல் லாண்ட்ஸ்டைனரும் பிலிப் லெவினும் நியூயார்க்கில் 'பி' என்ற ரத்தவகையைக் கண்டுபிடித்தார்கள். ஏ, பி, ஓவில் வரும் பி இல்லை; ஆங்கிலத்தில் ஓவுக்கு அடுத்த எழுத்து. லாண்ட்ஸ்டைனர் 1943ல் இறந்துவிட்டார். இருபது வருஷம் கழித்து, 1963ல், டோனாத்-லாண்ட்ஸ்டைனர் எதிர்பொருள் பிடிப்பது இந்த ரத்தவகைத் தொகுதியைத்தான் என்று காட்டியவர் அதே லெவின். பிற்பாடு வேதியியலாளர்கள் இலக்கைத் துல்லியமாக்கினார்கள்: அணுவின் மேல்தோலில் கொழுப்பு வேரூன்றி நிற்கும் நான்கு சர்க்கரைக் கண்ணிகள். பெயர் குளோபோசைடு. புரதமில்லை, சர்க்கரை! லாண்ட்ஸ்டைனர் 1901ல் கண்ட ஏ, பி, ஓ வேறுபாடும் சர்க்கரை வேறுபாடுதான். தன் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகளிலும் ஒரே மாதிரியான பொருளைத்தான் தொட்டிருந்தார்.

இன்று இந்த வியாதி பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு குழந்தைகளுக்கு வருகிறது. கிருமிகளின் மேலும் நம்முடையதைப் போன்ற சர்க்கரைகள் உண்டு; ஆள்மாறாட்டம் நடந்துவிடுகிறது என்பது ஒரு கணிப்பு. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். சில குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். மற்றபடி, முதல் வைத்தியம் எந்தப் பாட்டியும் சொல்வதுதான்: "பிள்ளைக்குக் குளிராம பாத்துக்கோ."