மார்கழியில் குடிபோனவர்கள்

சென்னையின் வீட்டுச் சந்தையைப் பற்றி மாதாமாதம் ஒரு செய்தி வந்துவிடும். போன மாதத்தைவிட இத்தனை சதவீதம் ஏற்றம், போன வருஷம் இதே மாதத்தைவிட இத்தனை இறக்கம். பக்கத்திலேயே ஒரு வளைகோடு. கோடு ஏறினால் ‘மார்க்கெட் சூடு பிடிச்சிருச்சு’, இறங்கினால் ‘ஐ.டி.காரங்க கை இறுகிருச்சு’ என்று காரணம் சொல்லவும் ஆள் இருக்கும். அந்தக் கோடு எதைத்தான் எண்ணுகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

எண்ணப்படுவது வீடு இல்லை, பத்திரம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயத்தைப் பதிந்தே ஆக வேண்டும். ஆகவே சார்பதிவாளர் முன்னால் உட்கார்ந்து கைரேகை வைத்த நாள்தான் அரசுக் கணக்கில் விற்பனை நாள். அட்வான்ஸ் கொடுத்தது ஒரு மாதம், வங்கிக் கடன் கிடைத்தது இன்னொரு மாதம், பத்திரம் பதிந்தது மூன்றாவது மாதம் என்று இருக்கும். சொத்துச் சந்தை ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் புக்கிங்கை எண்ணும், பதிவுத்துறை பத்திரத்தை எண்ணும். ஒரே வீடு இரண்டு கணக்கிலும் வெவ்வேறு மாதத்தில் விற்றிருக்கும். போதாததற்கு, தமிழ்நாட்டில் புது அடுக்குமாடி வீட்டை வெகுகாலம் இரண்டு ஆவணங்களாகத்தான் விற்றார்கள். மனையின் பிரிபடாத பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டடத்துக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம். நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பாகக் கணக்கிடும் முறை வந்தது 2023 டிசம்பரில்தான்.

அடுத்தது பஞ்சாங்கம். அமெரிக்காவில் கோடையில் வீடு அதிகம் விற்கும். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இடம் மாறுவது சுலபம். அங்கே மாதாந்திர விற்பனை எண்ணை வெளியிடும்போதே அந்தப் பருவ ஏற்றத்தாழ்வைக் கழித்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள். நமக்குப் பருவம் என்பது ஆடியும் மார்கழியும். ஆடி ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். மார்கழி டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை. ஆங்கில மாதக் கட்டத்துக்குள் இவை அடங்காது, ஒவ்வொன்றும் இரண்டாக வெட்டுப்படும். ‘ஜனவரி விற்பனை’ என்று ஒரே எண் வருகிறதே, அதில் முதல் பாதி யாரும் பத்திரம் பதிய விரும்பாத மார்கழி, மறுபாதி எல்லோரும் முண்டியடிக்கும் தை. சராசரி போட்டால் இரண்டுமே காணாமல் போகும்.

இது ஏதோ பாட்டிமார் நம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. அரசே இதற்கேற்ப நடந்துகொள்கிறது. சுபமுகூர்த்த நாட்களில், ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கனுக்குப் பதில் 150, இரண்டு பேர் உள்ள அலுவலகத்துக்கு 200க்குப் பதில் 300 என்று பதிவுத்துறை கூட்டித் தருகிறது. 2025 ஏப்ரல் 30, அட்சய திருதியை. அந்த ஒரே நாளில் துறைக்குக் கிடைத்த வருவாய் 270 கோடி ரூபாய்க்கு மேல்.

பஞ்சாங்கத்தை விட்டால் சட்டம். 2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏரியும் வயலும் கல் நட்டு மனைகளாகிக்கொண்டிருந்த புறநகர்களுக்கு அது பெரிய அடி. இரண்டே மாதத்தில், நவம்பர் 8 அன்று, பணமதிப்பு நீக்கம். 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு 100 ரூபாய் மதிப்புக்கு முத்திரைத் தீர்வை 7, கட்டணம் 1, ஆக 8 ரூபாய். பிறகு 67 ரூபாய்க்கு 11 சதவீதம், அதாவது சுமார் 7 ரூபாய் 40 காசு. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கே திரும்பியது, கட்டணம் 2 ஆனது. ஆக 9 ரூபாய். இப்படி ஒரு மாற்றம் வரப்போகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்னாலேயே பதிந்துவிட ஒரு கூட்டம் ஓடும், குறையும் என்று தெரிந்தால் காத்திருக்கும். கோடு எகிறும், அப்புறம் சரியும். வாங்குகிறவர்களின் மனசு மாறியதா என்றால், இல்லை. தேதிதான் மாறியது.

இந்தக் கோட்டைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்?

பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊருக்கான பழைய பெயர். ஒரு பக்கம் மேடவாக்கம், இன்னொரு பக்கம் சோழிங்கநல்லூர், வடக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. அவற்றில் வேலை செய்கிறவர்களுக்காக மேடவாக்கம் - சோழிங்கநல்லூர் சாலையின் இரு பக்கமும் அடுக்குமாடிகள் எழுந்தன. என்னைப் போன்றவர்கள் இ.எம்.ஐ. கட்டும் வீடுகள் இவை. மாதாந்திரக் கோட்டில் உள்ளவை இவைதான்.

அதே ஊரில் இன்னொரு நகரமும் எழுந்தது. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே வீடு கட்டித் தருவதுதான் முக்கிய வழியாக இருந்தது. பிறகு அந்த வழி மெல்ல மாறியது. 2000 வாக்கில் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அதற்கடுத்துப் பெரும்பாக்கம். 2005இல் வந்த ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணத்தில் இங்கே திட்டமிடப்பட்டவை 23,864 வீடுகள். எட்டு அடுக்குக் கட்டடங்கள், ஒவ்வொரு வீடும் ஏறக்குறைய 400 சதுர அடி.

இவ்வளவு வீடுகள் ஓர் ஊரில் வந்து சேர்ந்தால் எந்த வீட்டுச் சந்தைக் கோடும் துள்ளிக் குதிக்க வேண்டும். ஆனால் இவற்றில் குடியேறியவர்களால் கோடு அசையவே இல்லை. ஏனென்றால் இவை விற்கப்படவில்லை, ஒதுக்கப்பட்டன. குடும்பத்துக்குக் கிடைப்பது ஒதுக்கீட்டு ஆணை. கட்ட வேண்டியதையெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் வாரியம் கிரயப் பத்திரம் தரும். அதுவரை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அந்த வீடு இல்லாத வீடு.

தேதிகளைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றில் வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் வடியாததுமாக அந்த மாதத்திலேயே ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். 2019 டிசம்பரில் தீவுத்திடல் பக்கத்துச் சத்தியவாணி முத்து நகரில் குடிசைகள் இடிக்கப்பட்டன, அவர்களும் இங்கே வந்தார்கள். பள்ளி ஆண்டின் நடுவே பிள்ளைகள் இடம் மாறினார்கள். வீட்டுவேலை, சில்லறை வியாபாரம் என்று நகரத்துக்குள் வேலை இருந்தவர்களுக்கு வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது.

மார்கழியில் வீடு மாறக் கூடாது என்று நம்மில் எத்தனை பேர் பால் காய்ச்சுவதைத் தை பிறக்கும்வரை தள்ளிப்போட்டிருக்கிறோம்! கூடுதல் டோக்கன் கொடுத்து நல்ல நாளுக்கு மரியாதை செய்யும் அதே அரசு, இவர்களை டிசம்பரில் லாரியில் ஏற்றியது. நாள் பார்ப்பதும்கூட ஒரு சொத்துரிமைதான். பத்திரம் உள்ளவருக்குத் தேதி அவர் கையில், ஒதுக்கீட்டு ஆணை உள்ளவருக்கு அது அதிகாரி கையில்.

தண்ணீருக்கு இந்த வித்தியாசம் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் இரண்டு வகை வீட்டுக்காரர்களும்தான் மாட்டிக்கொண்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிச் சதுப்பின் ஓரத்துக்குக் குடியேற்றப்பட்டவர்கள் மறுபடி வெள்ளத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் தலமானது. அதன் எல்லையும் பாதிப்புப் பகுதியும் அறிவியல் முறைப்படி வரையறுக்கப்படும்வரை, தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதுக் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. இனி வரும் மாதங்களில் தென்சென்னைக் கோட்டில் ஒரு சரிவு வந்தால் அதைச் ‘சந்தை மந்தம்’ என்று எழுதுவார்கள். சதுப்பு தன் பழைய எல்லையைக் கேட்டது என்றும் எழுதலாம்.

மாதாந்திர எண்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வீடு வாங்கப் போகிறவருக்கு அவை வேண்டும். அந்தப் பட்டியலில் இன்னொரு பத்தியும் வேண்டும் என்கிறேன்: இந்த மாதம் எத்தனை குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கப்பட்டது, எங்கிருந்து வந்தார்கள், எத்தனை பேருக்குக் கிரயப் பத்திரம் கிடைத்தது. வாரியத்திடம் கணக்கு இருக்கும், பதிவுத்துறையிடம் கணினி இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது எங்கள் தொழிலில் ஒரு வார வேலை.