கொக்கலைக்கு வந்த படையணி

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலக யுத்தம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 'இலங்கையின் மீட்பர்' எனப் புகழப்படும் கனடிய விமானி லெனாட் பேர்ச்சோலின் கதையைச் சொல்லி முடித்ததும், பின்வரிசை மாணவன் ஒருவன், "அவர் மட்டுந்தானா சேர் போனார்?" என்று கேட்டான். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பிறகு தேடி வாசித்ததையே இங்கு எழுதுகிறேன்.

பேர்ச்சோல் கனடிய வான்படையின் 413ஆம் இலக்கப் படையணியைச் சேர்ந்தவர். அது 1941 யூலை 1இல் ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ரான்ராரில் அமைக்கப்பட்டது. அதனிடம் இருந்தவை கற்றலீனா எனும் கடல் விமானங்கள். அவற்றுக்கு ஓடுபாதை வேண்டாம், நீர்ப்பரப்புப் போதும். மணிக்கணக்கில் பறக்கும், ஆனால் வேகம் குறைவு. சண்டை விமானத்திடம் அகப்பட்டால் தப்புவது அரிது. ஷெட்லாந்துத் தீவுகளில் இருந்தபோதே, அவ்வாண்டு ஒக்டோபரில், நோர்வேக் கரையை வேவு பார்க்கப்போன படையணித் தளபதி திரும்பி வரவில்லை.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பின்னர் படையணி கொக்கலை வாவிக்கு வந்தது. (அத்தளத்துக்காக அங்கிருந்த கிராமத்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் வீடு தப்பி நிற்கிறது. மற்ற வீட்டுக்காரர்களின் வரலாற்றை நான் எங்கும் காணவில்லை.)

பேர்ச்சோல் வந்திறங்கியது ஏப்ரல் 2இல். 4ஆம் திகதி, ரோந்து முடியும் வேளையில், தெற்கே 300 மைலுக்கு அப்பால் அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. திரும்பியிருக்கலாம், கிட்டப்போய்ப் பார்த்தார். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே யப்பானியக் கடற்படை. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையில் விமானம் சுடப்பட்டு வீழ்ந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். அறுவர் யுத்தக் கைதிகளாயினர்.

எச்சரிக்கை கிடைத்தும் மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று இரத்மலானை விமான நிலையம் ஆயத்தமில்லாமலே அகப்பட்டது. துறைமுகத்திலிருந்து கப்பல்கள் பல முன்கூட்டியே விலகியிருந்தது பெரும் ஆறுதல். ஆகவே, 'மீட்பர்' என்ற பட்டம் சற்று மிகையென்றே எனக்குப்படுகிறது. அவருடைய துணிவில் எனக்குச் சந்தேகமில்லை.

மாணவனுக்குரிய பதில் ஏப்ரல் 9இல் இருக்கிறது. அன்று காலை அதே படையணியின் ரே தோமஸ், திருகோணமலைக்குக் கிழக்கே அந்தக் கடற்படையைக் கண்டார். அவரது விமானமும் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒருவர்கூடத் திரும்பவில்லை. அன்றுதான் திருகோணமலையில் குண்டு விழுந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. ஹேர்மிஸ் கிடக்கும் இடம் எங்கள் பக்கத்து மீனவர்களுக்குத் தெரியும். தோமஸின் பெயரை நான் கேட்டவர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. நானும் அதுவரை அறிந்திருக்கவில்லை.

பேர்ச்சோல் 2004இல் காலமானார். யுத்தத்தோடு கலைக்கப்பட்டுப் பின்னர் மீள அமைக்கப்பட்ட அப்படையணி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கடலில் தத்தளிப்போரை மீட்கும் பணியைச் செய்துவந்திருக்கிறது. அதன் சின்னத்தில் இருப்பது ஒரு யானைத்தலை.