வொறண்டும் வாடிவீடும்: வன்னி வழியே ஒரு பயண வரலாறு

ரொறன்ரோவில் வாழும் பால்ய நண்பர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பிள்ளைகளுடன் ஊருக்கு வர விரும்புகிறார். ஊர் என்பது விசுவமடு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில், தருமபுரத்துக்கும் உடையார்கட்டுக்கும் இடைப்பட்ட எங்கள் விவசாயக் கிராமம். "கையிலே காசு குறைவு, ஆனால் பிள்ளைகள் சொகுசாய் வளர்ந்ததுகள். மலிவாகவும் வசதியாகவும் வந்துபோக ஒரு வழி சொல்லும்" என்று எழுதியிருந்தார். சிறு தொகையில் பெருவாழ்வு வாழும் உபாயங்களைச் சொல்லும் இணையப் பக்கங்கள் சிலவற்றின் முகவரிகளையும் இணைத்திருந்தார்.

அவருக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத அது ஒரு வரலாற்றுக் கட்டுரையாக நீண்டுவிட்டது. செய்தித்தாளில் காலம் கழித்தவனின் கைப்பழக்கம் இது, வாசகர்கள் பொறுத்தருள்க. குறைந்த செலவில் சொகுசாகப் பயணம் செய்வது என்பது நமக்குப் புதிய கலை அன்று. எங்கள் தாய் தந்தையர் அதை அறிந்திருந்தார்கள். அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதே இங்கு சொல்ல வந்தது.

தபால் மூட்டையின் மேல் ஒரு துரை

1905 ஆம் ஆண்டு சனவரியில், இலங்கைக் குடிசார் சேவைக்குப் புதிதாகத் தெரிவான லெனார்ட் வூல்ஃப் என்னும் ஆங்கில இளைஞர் யாழ்ப்பாணக் கச்சேரியில் பொறுப்பேற்க வந்தார். பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃபின் கணவராக உலகறிந்தவர் இவர்தாம். பிரெஞ்சு அறிஞர் வால்டேரின் நூற்றொகுதிகள் தொண்ணூறும் ஒரு நாயும் அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த உடைமைகளுள் அடங்கும். அநுராதபுரம் வரை அவருக்குப் புகையிரதம் கிடைத்தது. அதற்கப்பால், வடக்கே மீண்டும் புகையிரதம் ஏறும்வரை, வன்னிக் காட்டினூடாகத் தபால் வண்டிப் பயணம். பெயர்தான் தபால் வண்டியே தவிர, அது பெரியதொரு மாட்டுவண்டி. கீழே தபால் மூட்டைகள் கிடந்தன, மூட்டைகளின் மேல் பயணிகள் கிடந்தார்கள். இந்த அனுபவத்தை அவர் 1961 இல் வெளிவந்த தமது தன்வரலாற்று நூலில் நகைச்சுவையுடன் பதிவு செய்திருக்கிறார்.

இதை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேரரசின் அதிகாரி ஒருவருக்கே வன்னியைக் கடக்க அன்று கிடைத்த உச்ச வசதி அவ்வளவுதான். அதே ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி, வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்து கொழும்பும் காங்கேசன்துறையும் இணைக்கப்பட்டன. அன்றிலிருந்து, மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிய புகையிலை வியாபாரியும் சுருட்டுத் தொழிலாளியும், ஏழு மாதங்களுக்கு முன் துரை போன பயணத்தை விட விரைவாகவும் சுகமாகவும் போனார்கள். ஏழைக்குக் கிடைத்த முதற்சொகுசு இதுதான். அவன் தன் சாமர்த்தியத்தால் அதைப் பெறவில்லை. பொதுப்பணத்தில் போடப்பட்ட இரும்புப் பாதை அதை அவனுக்குக் கொடுத்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடாநாட்டில் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தரவேண்டும் என்ற உத்தரவு வந்தபோது 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. தனியார் பேரூந்துகளிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் இருக்கையில் அமர முடியாத காலம் ஒன்று இருந்தது. அப்படியான சமூகத்தில், வகுப்பை மட்டுமே கேட்டுச் சாதியைக் கேட்காத ஒரு பயணச்சீட்டு, பணத்தால் அளவிட முடியாத வசதி அல்லவா?

வொறண்ட் என்னும் மந்திரச் சீட்டு

யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத்தை மணியோடர் பொருளாதாரம் என்று சொல்வார்கள். தோட்டத்து மண் போதாதென்று, படித்த பிள்ளைகள் லிகிதர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் ஆசிரியர்களாகவும் தென்னிலங்கை சென்றார்கள். மாதாமாதம் மணியோடர் வீட்டுக்கு வந்தது. விடுமுறைக்கு மனிதர் வந்தார். அவரைக் கொண்டுவந்தது அரச உத்தியோகத்தருக்கு வழங்கப்பட்ட புகையிரத ஆணைச்சீட்டு, எங்கள் பேச்சுவழக்கில் 'வொறண்ட்'. ஆண்டிற்குச் சில தடவை குடும்பத்துடன் பயணம் செய்ய உதவும் இந்தச் சீட்டு, பதவிக்கும் சம்பளத்துக்கும் ஏற்ற வகுப்பில் செல்லுபடியாகும்.

கொழும்பிலே 'சமறி' என்னும் கூட்டுக் குடித்தனத்தில் பாய் விரித்துப் படுத்து, ஒரு சட்டையைத் தோய்த்துத் தோய்த்துப் போட்ட லிகிதர், வெள்ளி இரவுத் தபால் புகையிரதத்தின் இரண்டாம் வகுப்பில் மெத்தை ஆசனத்தில் சாய்ந்துகொண்டு ஊர் வந்தார். தம் வருமானத்துக்கு எட்டாத ஒரு வாழ்க்கையை அவர் அந்த இரவு முழுதும் அனுபவித்தார். திங்கட்கிழமை கந்தோருக்குப் போக ஞாயிறு இரவே திரும்பவேண்டும் என்பது வேறு விடயம்.

1956 ஏப்ரல் 23 இல் யாழ்தேவி கடுகதி ஓடத் தொடங்கியது. அப்போது புகையிரதப் பகுதியின் பொது முகாமையாளராக இருந்தவர் பி. டி. ரம்பால. அப்பதவிக்கு வந்த முதல் இலங்கையர்களுள் ஒருவரான இவருடைய காலத்தில்தான் உருகுணு குமாரி, உடரட்ட மெனிக்கே போன்ற பெயர் சூட்டிய கடுகதிகள் புகழ்பெற்றன. காலையில் புறப்பட்டுப் பிற்பகலில் ஊர் சேரும் யாழ்தேவியில் சிற்றுண்டிப் பெட்டியும் இருந்தது. எனினும் பெரும்பாலோர் வாழையிலையில் கட்டிய புட்டையும் பொரியலையும் மடியில் அவிழ்த்தார்கள்.

கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அன்பளிப்பாக அனுப்பிய டீசல் இயந்திரங்கள் 1954 முதல் இலங்கையில் ஓடின. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, கியூபெக் என்று கனடிய மாகாணங்களின் பெயர்கள் அவற்றின் உடலில் எழுதப்பட்டிருந்தன. வடபாதைக் கடுகதிகளையும் அவை இழுத்தன. நண்பரே, நாங்கள் ஒன்ராறியோவுக்குப் போகுமுன்னரே ஒன்ராறியோ எங்கள் காட்டுக்கு வந்து கூவிச் சென்றிருக்கிறது!

ஆனால் யாழ்தேவி ஓடத் தொடங்கிய அதே 1956 இன் யூன் மாதத்தில்தான் தனிச்சிங்களச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. வடக்கையும் தெற்கையும் நெருக்கமாக்கிய வண்டியும், அவற்றைத் தூரமாக்கிய சட்டமும் ஒரே ஆண்டின் பிள்ளைகள். சிங்களம் தெரியாத தமிழ் லிகிதருக்கு வேலை போனால் வொறண்டும் போகும் என்பதை அந்த ஏப்ரலில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

ஒல்லாந்தன் கோட்டையில் ஒரு கோப்பைத் தேநீர்

இரண்டாவது பொதுச் சொகுசு வாடிவீடு. ஒல்லாந்தர் காலத்தில் வேரூன்றி ஆங்கிலேயர் காலத்தில் தழைத்த ஏற்பாடு இது. கடமையில் வரும் அரச அதிகாரிகளுக்கு முன்னுரிமை உண்டு. இடமிருந்தால் மற்றவரும் நிர்ணயித்த கட்டணத்தில் தங்கலாம். ஊரிலேயே அழகான இடத்தில், ஆற்றோரம் அல்லது கடலோரம் பார்த்துத்தான் அவற்றைக் கட்டினார்கள். ஆனையிறவில் ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டையே பிற்காலத்தில் வாடிவீடாயிற்று. கடனீரேரியை நோக்கிய அந்தக் கட்டடத்தில் ஒரு தேநீருக்குக் காசு வைத்திருந்தவர் எவரும் அரைமணி நேரம் கோட்டைக்கு அதிபதி.

மூன்றாவது, இந்திய-இலங்கைத் தபால் வண்டி, 'போட் மெயில்'. 1914 இல் தொடங்கிய இந்தச் சேவையில், கொழும்புக் கோட்டையில் ஏறியவர் தலைமன்னார் வரை புகையிரதத்திலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கப்பலிலும், பின்னர் சென்னை எழும்பூருக்குப் புகையிரதத்திலும் போனார். யாழ்ப்பாணத்தார் மதவாச்சியில் மாறி ஏறினார்கள். சென்னைக்குப் படிக்கப் போன மாணவனும், சிதம்பரத்துக்குப் போன கிழவியும், விமானத்தைக் கனவிலும் காணாமல் கடல் கடந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. எண்பதுகளில் போர் அதையும் நிறுத்தியது.

பரந்தன் நிலையத்துக்கு வந்த விவசாயி

விசுவமடுவுக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். அறுபதுகளின் பிற்பகுதியில் இங்கும் முத்தையன்கட்டிலும் படித்த இளைஞர்களைக் குடியேற்றும் திட்டங்கள் உருவாயின. என் தந்தையார் அப்படிக் காடு வெட்ட வந்தவர்களுள் ஒருவர். 1970 இல் பதவியேற்ற அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, உள்ளூர்ச் செத்தல் மிளகாய்க்குப் பொன்விலை வந்தது. அந்தக் கொள்கையால் பட்டணங்களில் பாணுக்கு வரிசை நீண்டதும் உண்மை, வன்னி விவசாயி நிமிர்ந்ததும் உண்மை.

மிளகாய் விற்ற காசில் அப்பா எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். எனக்கு ஏழோ எட்டோ வயதிருக்கும். விடியப்புறம் பேரூந்தில் பரந்தனுக்கு வந்து, நிலையத்து வாங்கில் காத்திருந்து யாழ்தேவியில் ஏறினோம். எங்களுக்கு வொறண்ட் இல்லை, மூன்றாம் வகுப்புத்தான். ஆயினும் சன்னலோரம் எனக்கு. மண்வெட்டி பிடித்துத் தடித்த கையால் அப்பா பயணச்சீட்டுகளைச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானையும் பூட்டி, வழியெல்லாம் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கட்டுமானம் கழன்ற காலம்

இந்தச் சொகுசு ஒரே நாளில் மறையவில்லை. முதலில் போனது அச்சமின்மை. 1977 ஆகஸ்ட் வன்செயலின்போது அநுராதபுரப் புகையிரத நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டனர். 1985 சனவரியில் முறிகண்டிக்கு அருகில் யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அதில் சென்ற படையினரோடு பொதுமக்களும் மாண்டனர். 1990 யூனில் போர் மீண்டபோது வடபாதை நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலீப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஆனையிறவு வாடிவீடோ 1991 சண்டைச் செய்திகளில் ஒரு முகாமின் பெயராகவே அடிபட்டது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள் அரிதானது. ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மற்றவர்க்குத் துவிச்சக்கரவண்டி. பரந்தன் வீதியில் நோயாளியைச் சைக்கிளின் பின்னால் இருத்தி மிதித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். 2002 இல் போர்நிறுத்தத்தோடு ஏ-9 வீதி திறந்தது, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது.

2009 சனவரியில் விசுவமடு முழுதும் ஏ-35 வீதியில் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத்தகடும் நெல்மூட்டையும் கிழவர்களும் ஏற்றப்பட்டார்கள். என் பெரியம்மா அப்படிப் போனவர். சுதந்திரபுரம், இரணைப்பாலை, கடைசியில் முள்ளிவாய்க்கால், அதன்பின் செட்டிகுளம் முகாம். இந்தப் பயணத்துக்கு அவரிடம் எவரும் கட்டணம் கேட்கவில்லை. அவர் கொடுத்தது ஒரு மகனை.

மீண்டும் ஒரு சன்னலோரம்

இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் போடப்பட்டு 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 அக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி வந்தது. அடுத்த ஆண்டு, பெரியம்மாவைக் கொழும்புக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. இரண்டாம் வகுப்பில் முன்பதிவு செய்து கிளிநொச்சியில் ஏறினோம். ஓமந்தை நெருங்கியதும் அவர் தம் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இதிலை எங்களை இறக்கிச் செக் பண்ணமாட்டினமோ?"

"இல்லைப் பெரியம்மா. நீங்கள் இருங்கோ."

வண்டி நிற்காமல் ஓமந்தையைத் தாண்டியது. அவர் அட்டையை உள்ளே வைக்கவில்லை. வவுனியா கழிந்து வெகுநேரத்தின் பின்னரே வைத்தார். பிறகு கண்ணயர்ந்தார். அந்த உறக்கத்துக்கு நான் கொடுத்த விலை ஓர் இரண்டாம் வகுப்புச் சீட்டு மட்டுமே.

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான். மலிவுச் சலுகை தேடிக் கண்ணை மங்கவைக்க வேண்டாம். கட்டுநாயக்காவில் இறங்கிய பின், புகையிரதம் ஓடும் நாளாகப் பார்த்து இரண்டாம் வகுப்பில் ஏறுங்கள். பிள்ளைகளைச் சன்னலோரம் இருத்துங்கள். பரந்தனில் இறங்கினால் விசுவமடுவுக்குப் பேரூந்து பிடிக்கலாம். திரும்பும்போது வீதியால் வந்தால் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கிக் கொறிக்கலாம். செலவு சொற்பம். அந்த இருக்கை எப்படி வந்தது, எப்படிப் போனது, யார் யார் அதில் அமராமலே போனார்கள் என்பதை வழியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வாருங்கள். தொலைவு போதுமானது.