மாணாக்கரால் அறியப்பட்ட ஆசான்

தம் பெயரினும் தம்மிடம் பயின்று சென்றோரின் பெயர்களாலேயே மிகுதியும் அறியப்படும் ஆசான்கள் எல்லாக் கலைகளிலும் உளர். ஆங்கில நாட்டு இசையுலகில் அத்தகையவர் ஜான் மேயால். செஷயர் பகுதியின் மேக்கிள்ஸ்பீல்டு நகரில் 1933 நவம்பர் 29இல் பிறந்தவர். 2024 ஜூலை 22இல் தம் தொண்ணூறாம் அகவையில் கலிபோர்னியாவில் மறைந்தார்.

அவர் வாழ்நாளெல்லாம் பாடிய புளூஸ் எனும் இசை அவர் முன்னோரின் உடைமையன்று. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களில், அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களிடையே பிறந்தது அது. அவ்வடிமைகளுள் மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களும் கணிசமாக இருந்தனர். வட கரோலினாவில் அடிமையாய் வாழ்ந்த உமர் இப்னு சயீத் 1831இல் தம் வரலாற்றை அரபியிலேயே எழுதினார். சூரத்துல் முல்க்கின் வசனங்களோடு அது தொடங்குகிறது. ஓர் அசையை நீட்டி, நெளித்து, வளைத்துப் பாடும் புளூஸ் முறையில் அம்மக்களின் ஓதலிசையின் சாயல் உண்டென்று ஆய்வாளர் சிலர் கருதுவர். முடிந்த முடிபாக அதனைக் கொள்வதற்கில்லை. எனினும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மேயாலின் தந்தையார் கிதார் வாசிப்பவர். ஜாஸ் இசைத்தட்டுகளைத் திரட்டி வைத்திருந்தவர். அத்தட்டுகளே மைந்தரின் முதற் பாடசாலை. கட்டாய இராணுவப் பணியில் கொரியா சென்ற மேயால், விடுமுறையில் ஜப்பானில் தம் முதல் மின்கிதாரை வாங்கினார். பின்னர் மான்செஸ்டரில் ஓவியக் கல்வி கற்று, விளம்பர ஓவியராய்ப் பிழைத்தார். அலெக்சிஸ் கார்னர் என்ற மூத்த கலைஞர் ஊக்கமளிக்க, 1963இல் இலண்டன் சேர்ந்தபோது அவருக்கு அகவை முப்பதை நெருங்கியிருந்தது. உடன் வாசித்தவர்களோ பெரும்பாலும் இருபதைச் சுற்றிய இளைஞர்கள். அவருடைய குழுவின் பெயர் புளூஸ்பிரேக்கர்ஸ்.

1965இல் அக்குழுவில் சேர்ந்த எரிக் கிளாப்டனுக்கு அகவை இருபது. மேயாலின் இல்லத்திலேயே சில காலம் தங்கி, அவருடைய இசைத்தட்டுகளை ஊன்றிக் கேட்டுத் தம் கையைப் பழக்கிக்கொண்டார். உஸ்தாதின் வீட்டுத் திண்ணையில் தங்கி ஓதிய நம் முன்னோருக்கு இவ்வுறவு விளங்கும். அவ்வாண்டு இடையிலேயே நண்பர்களுடன் கிரேக்க நாடு சென்றுவிட்ட கிளாப்டன், சில திங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது, மேயால் அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டார். 1966இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டு பிரிட்டனின் விற்பனை வரிசையில் ஆறாம் இடம் பெற்றது. தட்டு வெளிவந்த மாதத்திலேயே கிளாப்டன் விலகி, கிரீம் குழுவில் இணைந்தார்.

அடுத்து வந்தவர் பீட்டர் கிரீன். அவரும் 1967இல் விலகி ஃபிளீட்வுட் மேக் என்ற குழுவைக் கண்டார். அக்குழுவின் பெயர் மேயாலிடம் வாசித்த வேறிருவரின் பெயர்களால் ஆனது. பின்னர்ப் பதினெட்டு அகவையினரான மிக் டெய்லர் வந்தார். 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸுக்குச் சென்றார். வேறொருவராயின் கதவை அடைத்திருப்பார். மேயாலோ அவ்வாண்டே முரசும் உரத்த மின்கிதாரும் இல்லாத புதிய குழுவை அமைத்து மேடையேறினார்.

அவர்பால் நமக்கு மதிப்பு மிகச் செய்வது பிறிதொன்று. 1967இல் அவர் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பெயர் ‘குருசேடு’. நம் செவிக்கு இனிக்காத பெயர்தான். ஆயினும் அவர் கருதியது, புறக்கணிக்கப்பட்ட கறுப்பினக் கலைஞர்களுக்காக வாதாடுவதையே. அவர் பெரிதும் போற்றிய ஜே. பி. லெனோயர், பல்கலைக்கழகச் சமையற்கூடமொன்றில் உழைத்து வயிறு வளர்க்க நேர்ந்தவர்; அவ்வாண்டு ஏப்ரலில், கார் விபத்தில் பட்ட காயங்களால் 38 அகவையிலேயே மாண்டார். அவருக்கு இரங்கல் பாடலொன்றை எழுதி அத்தட்டிலேயே சேர்த்தார் மேயால். அறிவிப்பாளர் தொடர் அறுந்த செய்தியை ஹதீதுக் கலை வல்லார் வலுவற்றதென ஒதுக்குவர். யாரிடமிருந்து பெற்றோம் என்பதை மேயால் தம் கேட்போருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆயினும் பெயர் சொல்வது வேறு, பொருள் சேர்வது வேறு. அந்த இசையால் வெள்ளை இளைஞர்கள் மாளிகை கட்டிய காலத்தில், அதனை ஈன்றோர் பலர் வறுமையிலேயே மடிந்தனர். இக்கணக்கு மேயாலின் நன்றியுணர்வு ஒன்றாலேயே தீர்ந்துவிட்டதாக நாம் கொள்ளவில்லை.

1979இல் காட்டுத்தீ அவருடைய லாஸ் ஏஞ்சல்ஸ் இல்லத்தை எரித்தது. தந்தையார் எழுதிய நாட்குறிப்புகளும் தாம் காத்த ஒலிப்பதிவுகளும் சாம்பலாயின. நூலகம் இழந்தவர் துயரை ஏடு தொட்டோர் அறிவர். அதன் பின்னும் நாற்பதாண்டு வாசித்தார். 2003இல் லிவர்பூலில் நடைபெற்ற அவருடைய எழுபதாம் பிறந்தநாள் நிகழ்ச்சிக்குக் கிளாப்டனும் டெய்லரும் வந்து உடன் வாசித்தனர். வருவாய் யுனிசெஃப் நிறுவனத்தின் குழந்தை நலப் பணிக்குச் சென்றது. 2022 ஜனவரியில், எண்பத்தெட்டாம் அகவையில், தம் இறுதி இசைத்தொகுப்பை வெளியிட்டார். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் அவரைத் தேர்ந்தது 2024ஆம் ஆண்டில்தான். அக்டோபரில் அவ்விழா நிகழுமுன்பே அவர் மறைந்துவிட்டார். அவரிடம் பயின்று சென்ற கிளாப்டனுக்கோ அம்மன்றம் அதற்குள் மும்முறை இடமளித்திருந்தது.