சேவலின் நரம்பும் வெள்ளிமலைக் குஞ்சும்

1907ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரத்தில் மிருக வைத்திய ஆசிரியராக விளங்கிய யோசெப் மாரெக், காலும் சிறகும் செயலற்றுப் போன நான்கு சேவல்களைப் பரிசோதித்து, அவற்றின் நரம்புகள் வீங்கித் தடித்திருக்கக் கண்டு எழுதிய கட்டுரையே, பிற்காலத்தில் உலகத்துக் கோழிப் பண்ணைகளையெல்லாம் கலங்கடித்த ஒரு வியாதியின் சரித்திரத்தில் முதல் ஏடாகும். அவர் அதை நரம்பின் வியாதியாகவே வர்ணித்தார். ஈரலிலும் மண்ணீரலிலும் சூலகத்திலும் கட்டிகளாய்ப் பரவும் புற்று அதனுள் அடங்கியிருந்ததைப் பின்வந்தவர்களே தெளிந்தனர்.

நம் குடியானவர்கள் நெடுநாளாக அஞ்சி வந்த கோழிச்சீக்கு வேறு. 1927இல் இமயமலைச் சாரலில் உள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூரின் பெயரையே பெற்ற வெள்ளைக் கழிச்சல், வந்த சில நாட்களிலேயே கொட்டிலைக் காலி செய்துவிடும். மாரெக்கின் பெயரால் வழங்கும் அந்நோயோ குஞ்சுப் பருவத்தில் புகுந்து, வாரக்கணக்கில் அடையாளமின்றி இருந்து, பெட்டை முட்டையிடப் போகும் தறுவாயில் ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் நீட்டிப் படுக்க வைக்கும்.

இதன் காரணம் 1967இல்தான் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் ஹோட்டன் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் சர்ச்சிலும் பிக்ஸும் கண்ட அக்கிருமி ஹெர்ப்பிஸ் குலத்தைச் சேர்ந்தது. சின்னம்மை ஆறிய பின்னும் மனித உடலில் பல்லாண்டு உறங்கி, முதுமையில் அக்கியாய் எழுகின்ற வைரஸும் அக்குலத்ததே. பிலடெல்பியாவில் பால்ட்வின் லுக்கே 1934இல் வர்ணித்த தவளைச் சிறுநீரகப் புற்றும் இவ்வினத்தின் செயலென்று பின்னர் அறியப்பட்டது; குளிர்காலத்துக் கட்டியில் வைரஸ் துகள்கள் நிறைந்திருக்க, கோடைக்காலத்துக் கட்டியில் அவற்றைக் காண இயலாது என்பது அதன் விசித்திரம்.

மறைந்திருத்தலே இக்குலத்தின் பிரதான சக்தி. தூசியோடு சுவாசத்தில் புகும் மாரெக் வைரஸ், முதலில் சில நாட்கள் வெள்ளணுக்களை அழித்துப் பெருகுகிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்த ஆரவாரம் அடங்க, உடலைக் காக்கவே படைக்கப்பட்ட டி அணுக்களுக்குள் ஒடுங்கி, அவற்றின் குரோமோசோம் நுனிகளில் தன் மரபுப் பொருளைப் பிணைத்துக்கொண்டு, எதிர்ப்புச் சக்தியின் பார்வைக்கு அகப்படாமல் ஜீவித்திருக்கிறது. அவ்வணுக்களில் சில பின்னர் கட்டுக்கடங்காமல் பெருகிப் புற்றாகின்றன. வேறு சில அதைத் தோலுக்குச் சுமந்து செல்ல, இறகின் வேர்க்குழியில் முழு வைரஸாக உருப்பெற்று, உதிரும் செதிளோடு கொட்டிலின் தூசியில் கலந்து, மாதக்கணக்கில் வீரியம் குன்றாதிருக்கிறது. முட்டையின் வழியாக அது குஞ்சுக்குச் செல்வதில்லை. ஆனால் பொரிந்த குஞ்சு சுவாசிக்கும் காற்றிலேயே காத்திருக்கிறது.

1969இல் ஹோட்டனில் வீரியம் குறைத்த வைரஸால் முதல் தடுப்பூசி உண்டாயிற்று. அதனைத் தொடர்ந்து அமெரிக்காவில், வான்கோழிகளில் தீங்கின்றி வாழும் அதன் உறவான வைரஸைக் கொண்டு செய்த மருந்து பரவலாயிற்று. எந்த ஜீவராசியிலும் புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி கோழிக்கு வாய்த்ததென்பது வைத்திய சரித்திரத்தில் இன்னும் பெரிதாகப் போற்றப்பட வேண்டிய செய்தி என்பதே என் எண்ணம்.

எனினும் அவ்வூசி கட்டியைத் தடுத்ததேயன்றித் தொற்றைத் தடுக்கவில்லை. ஊசி பெற்ற கோழி ஆரோக்கியமாய் வாழ்ந்துகொண்டே வைரஸை உதிர்த்துவந்தது. தசாப்தந்தோறும் கொடிய ரகங்கள் தோன்றின. ஊசியில்லாக் கோழியை விரைந்து கொன்று தானும் பரவாமல் ஒழிந்துவிடக்கூடிய ரகங்கள், ஊசி பெற்ற கோழியில் நெடுநாள் இருந்து பரவ வழிபெற்றன என்று ஆண்ட்ரூ ரீடும் வேணுகோபால் நாயரும் அவர்தம் சகாக்களும் 2015இல் பரிசோதனை வாயிலாகக் காட்டினர். நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை தரும் நாமக்கல் வட்டாரத்திலும், ஊசி பெற்ற மந்தைகளிலேயே ‘மேரக்ஸ்’ தலைகாட்டியதுண்டு.

ஊசி எட்டிய பண்ணைகளின் கதை இது; எட்டாத மலைக்குடிகளின் நிலை வேறு. 1976 வரை ஜாகீர்தார்களின் அதிகாரத்தில் ஒதுங்கிக் கிடந்த கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சூழ்ந்த மலையாளிப் பழங்குடியினருக்குச் சாமையும் கேழ்வரகும் போலவே கோழியும் வீட்டுச் சொத்து. நாட்டுக்கோழியை இத்தகைய வியாதி அண்டாதென்பது வீண் நம்பிக்கை. சில கோழி வமிசங்களுக்கு எதிர்ப்பு மிகுதியேயன்றி, முழுக் காப்பு எதற்கும் இல்லை. ஆயிரம் குஞ்சுகளுக்குரிய அளவில் புட்டிகளில் வந்து, கலக்கிய ஓரிரு மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டிய மருந்து, மலைவீட்டில் ஓர் அடைக்கோழி பொரிக்கும் பத்துக் குஞ்சுகளைத் தேடி வருவதில்லை. விஞ்ஞானம் பெற்ற இவ்வெற்றி பெரும்பண்ணைக்காரரின் அளவுக்கே தைக்கப்பட்டிருப்பது எனக்கு மிகுந்த மனக்குறை. சமவெளியிலிருந்து வரும் திடமான கோழி, கண்ணுக்குத் தெரியாமல் வைரஸைச் சுமந்து, அக்காப்பற்ற குஞ்சுகளிடையே நிற்கக்கூடும்.

ஆகவே, மலைமீது குஞ்சு வாங்கிச் செல்வோர், பொரிப்பகத்தில் முதல் நாளிலேயே மாரெக் ஊசி செலுத்தப்பட்டதா என்று கேட்டு வாங்கவேண்டும். முதல் சில வாரங்கள் முதிய கோழிகளோடு சேர்க்காமல், பழைய எருவும் இறகும் நீக்கிய இடத்தில் வளர்க்கவேண்டும். இவ்வைரஸ் மனிதரைப் பீடிப்பதாக அறியப்படவில்லையாதலால் கறிக்கும் முட்டைக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. சிறு எண்ணிக்கைக்கு ஏற்ற மருந்துப் புட்டிகளைக் கிராமக் கால்நடை மருந்தகங்களுக்குக் கிடைக்கச் செய்யுமாறு அரசினரையும் மருந்து செய்வோரையும் வேண்டிக்கொள்கிறேன்.