மூன்று ஊர் கண்ட பந்தாட்டக் குழு

ஒரு பந்தாட்டக் குழுவுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று உண்டா? ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வெளியூரார். இன்று ஒரு குழுவில் ஆடுபவர் நாளை மற்றொன்றில் ஆடுவர். குழுவை உடையவரோ ஒரு செல்வர். அவர் எந்த ஊரிலும் வாழலாம். எனினும், வேலை முடிந்து மாலையில் வந்து, டிக்கெட் வாங்கி அமரும் ஊரார், 'இது நம்முடைய குழு' என்றே சொல்லுகின்றனர். இந்த உரிமை எதன்மேல் நிற்கிறது என்பதை அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓக்லாந்து நகரத்தார் 57 ஆண்டுகள் பட்டறிந்தனர். பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு அவர்கள் கதை முற்றிலும் அயலாகத் தோன்றாது.

பேஸ்பால் என்னும் அவ்வாட்டம் நம் நாட்டில் பரவலாக வழங்குவதன்று. மட்டையும் பந்தும் கொண்டு, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடுவது. அவ்வளவில் கிரிக்கெட்டுக்கு உறவு. அதன் நுட்பங்களை விட, அதன் கால அட்டவணையே இங்கு நாம் கருதத் தக்கது. அங்குள்ள பெரிய லீக்குகளில் ஒவ்வொரு குழுவும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றுள் 81 தன் சொந்த அரங்கத்தில் நடைபெறும். ஆண்டுக்கொரு தேர்த் திருவிழா என்றால், எவ்வளவு தொலைவாயினும் வண்டி கட்டிக்கொண்டு போய் வரலாம். ஆண்டில் 81 நாள் நடப்பதற்கு அப்படிப் போவது யாருக்கும் இயலாது. ஆகவே அரங்கம் ஊரின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அங்கே போவதற்கு ரயில் உண்டா, இரவில் திரும்பி வர வழி உண்டா என்பன பெரிய கேள்விகளாகின்றன. கூட்டம் குறையும்போதெல்லாம் உடைமையாளர்கள் இடத்தின்மேல் பழி போடுவதும் இதனாலேயே. அந்தப் பழி எவ்வளவு தகும் என்பதை 'அத்லெடிக்ஸ்' என்னும் குழுவின் வரலாற்றைக் கொண்டு ஆராயலாம்.

அத்லெடிக்ஸ் குழு 1901 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் தோன்றியது. கானி மாக் என்பவர் அந்த ஆண்டு முதல் 1950 வரை, ஐம்பது ஆண்டுகள், அதன் நிர்வாகியாக விளங்கினார். 1909 இல் நகரின் வடபகுதியில் அக்குழுவுக்கென எழுந்த ஷைப் பார்க், எஃகும் கான்கிரீட்டும் கொண்டு அமைந்த பேஸ்பால் அரங்கங்களில் முதலாவது. 1910 முதல் 1930 வரை ஐந்து முறை அக்குழு உலகப் பட்டம் பெற்றது. பின்னர்ப் பொருள் நெருக்கடி வந்தபோது மாக் தம் சிறந்த ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக விற்றார். குழு மீண்டும் மீண்டும் கடைசி இடத்துக்கு இறங்கிற்று.

1938 முதல் அதே அரங்கத்தில் பில்லீஸ் என்னும் மற்றொரு குழுவும் ஆடிவந்தது. 1950 ஆம் ஆண்டில் தன் லீக்கில் முதலிடம் பெற்ற பில்லீஸ் குழுவைக் காண 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அதே ஆண்டு, அதே அரங்கத்தில், கடைசி இடத்திலிருந்த அத்லெடிக்ஸ் குழுவைக் காண வந்தவர் ஏறத்தாழ 3 லட்சம் பேரே. தெரு ஒன்று, டிராம் பாதை ஒன்று, ஆசனங்களும் அவையே. கூட்டம் மட்டும் நான்கில் ஒரு பங்கு! இடமே காரணம் என்று சொல்வார்க்கு இது முதல் தடை. 1954 ஆம் ஆண்டில் 304,666 பேரைக் கண்டபின் அத்லெடிக்ஸ் பிலடெல்பியாவை விட்டுச் சென்றது. பில்லீஸ் குழுவோ அதே அரங்கத்தில் 1970 வரை ஆடியது.

அடுத்த ஊர் நாட்டின் நடுவிலுள்ள கான்ஸாஸ் ஸிடி. 1955 ஆம் ஆண்டில் அங்கே வந்த மக்கள் 13 லட்சத்து 93 ஆயிரம் பேர். குழு அவ்வாண்டும் வென்றவற்றினும் தோற்றவையே அதிகம். ஆயினும் பெரிய லீக்கின் குழு ஒன்று தம் ஊருக்கு வந்ததே என்னும் மகிழ்ச்சி மக்களை இழுத்தது. புதுமணம் சில ஆண்டுகளில் நீங்கிற்று. கான்ஸாஸ் ஸிடியில் கழித்த 13 ஆண்டுகளில் ஒன்றில்கூடக் குழுவின் வெற்றிகள் தோல்விகளை விஞ்சவில்லை. தேறிய ஆட்டக்காரர் பலர் நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தனர். 1960 இன் இறுதியில் குழுவை வாங்கிய சார்லஸ் பின்லி என்னும் காப்பீட்டு வணிகர், 1968 இல் அதனை ஓக்லாந்துக்குக் கொண்டு சென்றார்.

ஓக்லாந்து, ஸான் பிரான்ஸிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள துறைமுக நகரம், உழைப்பாளிகள் மிகுந்தது. 1966 இல் திறக்கப்பெற்ற கலோஸியம் அரங்கம் நகரின் மையத்தில் இல்லை. தெற்கே தொழிற்சாலைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே, வண்டிகள் நிறுத்தும் பரந்த வெளியின் நடுவே நின்றது. ஆட்டம் முடிந்தால் காலாற நடந்து சென்று ஒரு காப்பி குடிக்கவும் அங்கே கடைத்தெரு இல்லை. இது குறையே. ஆனால் 1972 முதல் மின்சார ரயில் அரங்கத்தின் அருகிலேயே நின்றது. நிலையத்திலிருந்து வாயிலுக்கு ஒரு நடைபாலம் இருந்தது. மேல் ஆசனங்களிலிருந்து கிழக்கே குன்றுகளின் அழகிய தோற்றம் தெரியும்.

1968 ஏப்ரல் 17 அன்று நடந்த முதல் ஆட்டத்துக்கு 50,164 பேர் வந்தனர். 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் குழு தொடர்ந்து உலகப் பட்டம் வென்றது. ரயிலும் வந்தது, வெற்றியும் வந்தது. ஆயினும் மூன்றாவது பட்டம் வென்ற 1974 இல், ஆண்டு முழுவதும் வந்தவர் 8 லட்சத்து 45 ஆயிரம் பேரே. வெற்றி ஒன்றே கூட்டத்தைக் கொணரும் என்பார்க்கு இது இரண்டாவது தடை.

காரணம் காண்பது அரிதன்று. பின்லி செலவுக்கு அஞ்சியவர்; தம் ஆட்டக்காரரோடு ஓயாது பிணங்கியவர். 1976 இல் மூன்று முன்னணி ஆட்டக்காரரை ஒரே வீச்சில் விற்க முனைந்து, லீக்குகளின் தலைமை ஆணையரால் தடுக்கப்பட்டார். வானொலித் துறைக்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு: 1978 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்குழுவின் ஆட்டங்களை ஒலிபரப்பியது பத்து வாட் ஆற்றலுள்ள ஒரு பல்கலைக்கழக மாணவர் நிலையம்! உலகப் பட்டம் மூன்று பெற்ற குழுவின் குரல் அடுத்த பேட்டைக்குக் கூடச் சரிவரக் கேட்கவில்லை. குழுவை வேற்றூருக்கு விற்கப் பேச்சு நடப்பதையும் மக்கள் அறிந்திருந்தனர். 1979 ஏப்ரல் 17 அன்று, அதாவது முதல் ஆட்டம் நடந்து சரியாகப் பதினோராம் ஆண்டு நிறைவில், டிக்கெட் வாங்கியவர் 653 பேர். அவ்வாண்டின் மொத்தம் 306,763; பிலடெல்பியாவை விட்ட ஆண்டின் எண்ணிக்கைக்கும் இதற்கும் ஏறத்தாழ வேறுபாடே இல்லை. ஊர் இரண்டு மாறியும் குழு பழைய இடத்துக்கே வந்து நின்றது.

1980 இல் வால்ட்டர் ஹாஸ் என்பவரின் குடும்பம் குழுவை வாங்கிற்று. அவர்கள் அரங்கத்தை மாற்றவில்லை. அலுவலகத்துக்கு ஆட்களை அமர்த்தினர். பள்ளிச் சிறுவர்க்கும் ஊர்ப் பணிகளுக்கும் பொருள் உதவினர். இளம் ஆட்டக்காரரை வளர்த்துத் தக்க ஊதியம் தந்தனர். குழு ஊரை விட்டுப் போகாது என்று உறுதி கூறினர். 1989 இல் உலகப் பட்டம் கிடைத்தது. 1990 இல் வந்தவர்களின் தொகை 2,900,217. அதே கலோஸியம், அதே நெடுஞ்சாலை, அதே வெற்று வெளி. பதினோராண்டில் கூட்டம் ஒன்பது மடங்குக்கு மேல் பெருகிற்று.

அப்படியானால் இடத்துக்கு மதிப்பே இல்லையோ? உண்டு. விரிகுடாவின் எதிர்க்கரையில் ஸான் பிரான்ஸிஸ்கோ ஜயன்ட்ஸ் குழு 1960 முதல் கேண்டில்ஸ்டிக் பார்க் என்னும் அரங்கத்தில் ஆடிற்று. நகருக்கு ஒதுக்குப்புறமான அவ்விடத்தில் குளிர்காற்று எலும்பை ஊடுருவும். 1992 இல் அக்குழு புளோரிடாவுக்கே போய்விட இருந்தது. 2000 ஆம் ஆண்டில் நகரின் நடுவே, நீர்க்கரையில், நடந்து செல்லும் தொலைவில் புதிய அரங்கம் திறந்தவுடன் 33 லட்சம் பேர் வந்தனர். நல்ல இடம் நல்ல குழுவின் கையை வலுப்படுத்தும் என்பதில் ஐயமில்லை.

அத்தகைய இடம் ஒன்றை ஓக்லாந்தும் தேடிற்று. 1995 இல் ஹாஸ் குடும்பத்தார், குழு ஊரிலேயே இருக்கவேண்டும் என்று கருதிக் குறைந்த விலைக்கு அதனை விற்றனர். அவ்வாண்டே கால்பந்துக் குழு ஒன்றைத் திரும்ப அழைத்துக்கொள்வதற்காக, கலோஸியத்தின் கிழக்கு விளிம்பில் மாபெரும் ஆசனக் கட்டடம் ஒன்றை எழுப்ப முடிவு செய்தனர். அது குன்றுகளை மறைத்தது. 2006 முதல் மேலடுக்கு ஆசனங்கள் தார்ப்பாயால் மூடப்பட்டன. அவ்வாண்டில் சொல்லப்பட்ட பிரீமான்ட் திட்டம் 2009 இல் கைவிடப்பட்டது. பின் தெற்கே 40 மைல் தொலைவிலுள்ள ஸான் ஹோஸே நகரை நாடினர். ஆனால் அவ்வட்டாரம் ஜயன்ட்ஸ் குழுவின் எல்லை என்று லீக் விதி கூறிற்று. அந்த எல்லையை, பக்கத்து ஊர்க் குழுவுக்கு உதவும் பொருட்டு, முன்பு விட்டுக்கொடுத்தவர் ஹாஸ் அவர்களே! நகரத்தார் தொடுத்த வழக்கை 2015 இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2017 இல் ஒரு கல்லூரியை ஒட்டிய நிலம் மறுக்கப்பட்டது. 2018 முதல் துறைமுகக் கரையில் ஓரிடத்துக்காக நகரசபையோடு பேச்சு நடந்தது.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, உடைமையாளர் ஜான் பிஷரின் நிர்வாகம் சிறந்த ஆட்டக்காரரை வேற்றுக் குழுக்களுக்கு அனுப்பிற்று. டிக்கெட் விலையையும் உயர்த்திற்று. 2022 இல் வந்தவர் 787,902 பேரே. பெரிய லீக்குகளில் அதுவே மிகக் குறைவு. 2023 ஏப்ரலில், பாலைநிலத்து நகரமாகிய லாஸ் வேகஸுக்குப் போகும் முடிவு வெளியாயிற்று. 'வாராத மக்களுக்கு ஆட்டம் எதற்கு?' என்று பலர் கேட்டனர்.

மக்கள் தந்த விடை வியக்கத் தக்கது. வராமலிருப்பதே எதிர்ப்பு என்பது உலக வழக்கு. அவர்களோ வந்து எதிர்த்தனர். 2023 ஜூன் 13 அன்று, கடைசி இடத்திலிருந்த குழுவைக் காண 27,759 பேர் திரண்டனர். அவ்வாண்டின் சராசரி நாளொன்றுக்குப் பத்தாயிரமே. 'விற்றுவிடு' என்னும் சொல் பொறித்த பச்சைச் சட்டைகளை அணிந்திருந்தனர். குழு அன்று வென்றது. நிவாடா மாநில மேல்சபை, புதிய அரங்கத்துக்குப் பொதுப்பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியதும் அதே நாளில்தான். நவம்பரில் மற்றக் குழுக்களின் உடைமையாளர்கள் ஒருமனதாக இசைவு தந்தனர்.

2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டம். 46,889 பேர் வந்தனர்; குழு மூன்றுக்கு இரண்டு என்னும் கணக்கில் வென்றது. ஆட்டம் முடிந்தபின் களத்து மண்ணைப் பலர் கையில் ஏந்திச் சென்றனர். ஊரை விட்டுப் புறப்படும்போது ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு வந்தோரின் வழிவந்த நம்மில் பலர்க்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் இங்கே மண்ணை எடுத்தவர்கள் புறப்பட்டவர்கள் அல்லர், அவ்வூரிலேயே தங்கியவர்கள். அதுவே இக்கதையின் துயரம்.

2025 முதல் அக்குழு, ஸாக்ரமென்டோ நகரை அடுத்து, ஏறத்தாழ 14 ஆயிரம் பேர் கொள்ளும் சிறிய அரங்கம் ஒன்றில் தற்காலிகமாக ஆடிவருகிறது. தன் பெயரோடு எந்த ஊரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓக்லாந்திலோ, 2024 இல் 'பாலர்ஸ்' என்னும் சிறு குழு ஒன்று தோன்றி, நகரின் மேற்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் ஆடத் தொடங்கியது. ஊரார் பலர் அதில் பங்கு வாங்கினர். மரப்பலகைகளில் அமர்ந்து காணும் ஆட்டமாயினும், அது அவர்களுக்குச் சொந்தமானது.

நல்ல இடம் மக்களின் கால்களுக்கு உதவுகிறது. வெற்றி கண்களுக்கு விருந்தாகிறது. நாளையும் இக்குழு இங்கே இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிடில் இவை இரண்டும் நெடுநாள் பயன் தருவதில்லை. 653 பேர் வந்த நாளும் 29 லட்சம் பேர் வந்த ஆண்டும் ஒரே அரங்கத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. இவ்விரண்டுக்கும் நடுவே மாறியது நிலமன்று. அந்நிலத்தில் இருந்தோர் ஊராரை நடத்திய முறையே.